நளன் குளத்து நீர்

காவிரியின் கடைமடையில் கடலை ஒட்டிக் கிடக்கும் காரைக்கால், 1739இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த சிறு நிலப்பகுதியாகும். அதன் வெளியூர்ப் புகழ் பெரும்பாலும் திருநள்ளாற்றைச் சார்ந்தது. சனியின் பிடியிலிருந்து நளன் விடுபட்ட இடமாகக் கருதப்படும் நள தீர்த்தத்தில், மக்கள் வழக்கில் நளன் குளத்தில், நல்லெண்ணெய் தேய்த்து மூழ்கியெழுந்து தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்குச் செல்வது அங்கு வரும் அடியார்களின் வழக்கம்.

இவ்வழக்கத்தின் வேர் கோயிலில் இல்லை. வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறது. சனிக்கிழமை ஆண்களும் வெள்ளிக்கிழமை பெண்களும் எண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயால் அதைப் போக்கி, விளாவிய வெந்நீரில் குளிப்பது தமிழ்நாட்டின் பழைய வார முறை. கொதிநீரோடு தண்ணீர் கலந்து உடல் தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதே விளாவுதல். மிகுந்த சூடு தோலின் இயற்கைக் கொழுப்பைக் கரைத்து வறட்சியும் அரிப்பும் உண்டாக்கும். உடல் அளவுமீறிச் சூடேறாதிருக்க, இன்றைய வெந்நீர்த் தொட்டிகளுக்கும் 40 பாகை செல்சியசே மேல் வரம்பாகக் கொள்ளப்படுகிறது.

நீரின் அமில, கார நிலையை அளக்கும் பி.எச். அளவுகோலைக் கோபன்ஹேகனில் சோரன்சன் 1909இல் வகுத்தார். அதில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மனிதத் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற மெல்லிய அமில நிலையில் இருக்க, சவர்க்காரமோ 9, 10 என்ற கார நிலையில் இருந்து அதைக் குலைக்கிறது. சீயக்காயின் நுரை, சப்போனின் என்னும் பொருளால் எண்ணெயை அகற்றினாலும், தானே மெல்லிய அமிலத்தன்மை உடையதாதலால் அவ்வளவு குலைப்பதில்லை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் பிசுபிசுப்பான படிவாகித் தோலில் ஒட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிலத்தடி நீர் உவர்ப்பேறும் கடலோர ஊர்களில் சீயக்காயின் மதிப்பு விளங்கும். எண்களை அறியாமலே வந்த இந்தச் சமன், தோலின் மேலேயே செய்யப்பட்டது. நீரோ அன்றன்று இறைத்து ஊற்றப்பட்டு வாய்க்காலில் ஓடி மறைந்தது.

குளத்தில் நிலைமை வேறு. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியில் பெருந்திரள் ஒரே நீரில் மூழ்கும்போது, எண்ணெய்ப் படலம் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவதைத் தடுக்கிறது. வியர்வையும் அழுக்கும் நீரில் தங்குகின்றன. குளோரின் இட்டாலும் அதில் பெரும்பங்கு எண்ணெயோடும் அழுக்கோடும் வினைபுரிந்தே செலவாகிவிடும். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு அது கூடும்போது தோன்றும் குளோரமைன்களே கண்ணெரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் காரணம் என்பதால், அந்த நெடியை மிகுதியான மருந்தின் அடையாளமாகக் கொள்வது தவறு. தவிர, பி.எச். 7.5க்கு மேல் ஏற ஏறக் குளோரினின் கிருமிக்கொல்லும் வடிவம் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. நீச்சல் குளங்களில் 7.2 முதல் 7.8 வரை என எல்லை வகுப்பது மருந்தின் வலிமை, தோல், கண் ஆகிய மூன்றையும் கருதியே.

ஆகவே வீட்டில் உடலின் மேல் நடந்த சமன், திருநள்ளாற்றில் நீரின் மேல் நடக்க வேண்டியதாகிறது. 2020 டிசம்பர் 27 சனிப்பெயர்ச்சியின்போது கொரோனா தொற்றை முன்னிட்டு நளன் குளத்தில் நீராட அனுமதி மறுக்கப்பட்டபோதும் வழிபாடு நின்றுவிடவில்லை. எண்ணெயையும் சீயக்காயையும் கரையிலேயே குழாய் நீரில் போக்கிவிட்டுக் குளத்தில் இறங்குவது மரபுக்கு முரணன்று. கிணற்றடியில் முன்னோர் செய்ததும் அதுவே.