பல் மருத்துவப் பயிற்சியில் மாற்றுப்பொருள்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1894இல் கிளாஸ்கோவின் ஆஸ்வால்டு ஃபெர்கஸ், உலோகத் தண்டில் பற்களைப் பொருத்திப் 'போலித்தலை' ஒன்றை உருவாக்கினார். நோயாளியின் வாயில் கைவைக்கும் முன்னரே மாணவர் பிழைசெய்து பழக அது இடமளித்தது. ஆயினும் பயிற்சிக்கு எளிதில் கிடைத்த மலிவான பொருள், பிடுங்கிய மனிதப் பல்லே. பாரிஸ் சாந்தில் பதித்து அதனைக் குடைந்தனர். பல்லுக்குரியவரிடம் இசைவு கேட்கவேண்டும் என்னும் எண்ணம் பிற்காலத்தது. 1980களின் எய்ட்ஸ் அச்சம் இவ்வழக்கை உலுக்கியது. 2003இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்பற்களை அழுத்த நீராவியில் தூய்மிக்கப் பரிந்துரைத்தது. பாதரசக் கலவை அடைத்த பற்களுக்கு மட்டும், நச்சாவி எழும் என்பதால், அதனை விலக்கியது. நெகிழிப் பல்லில் இச்சிக்கல்கள் இல்லை. ஆனால் எனாமலைக் கடந்து மென்மையான டென்டினுள் கருவி இறங்கும்போது கை உணரும் வேறுபாட்டை, ஒரே கடினமுடைய நெகிழி கற்பிப்பதில்லை. செதுக்கப் பயன்படும் மெழுகும் சோப்பும் கற்பிப்பது வடிவத்தை மட்டுமே.