யாக்கோபின் மந்தையும் இராசபாளையத்து நாயும்

சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இராசபாளையம். அவ்வூரின் பெயரையே தாங்கிய நாயை நம் பகுதியில் அறியாதார் இலர். பால் போன்ற வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறிய இராசுக்கள் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இதனை வளர்த்தனர். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது இதற்கும் ஓரிடம் கிடைத்தது.

இவ்வெண்மை தானாக அமைந்ததன்று. ஒவ்வோர் ஈற்றிலும் வெள்ளைக் குட்டியையே தேர்ந்து, மற்றொரு வெள்ளையோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் காத்த நிறம் அது. செவலைத் திட்டோடு பிறந்த குட்டிகள் என்னவாயின? பிறந்த அன்றே அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் வளர்ப்போர் சிலரிடம் இருந்தது. எழுதவே நமக்குக் கை கூசுகிறது.

நிறம் பார்த்து விலங்குகளைப் பெருக்கும் கலை மிகப் பழையது. தொடக்க நூலில் யாக்கோபு தம் மாமன் லாபானிடம் கூலியாகக் கேட்டவை புள்ளியும் கலப்பு நிறமும் உள்ள ஆடுகளே. பட்டை உரித்த கொப்புகளை அவர் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்ததை வாசித்து வியக்கிறோம். அடுத்த அதிகாரத்தில் அவர் கூறும் கனவை விரைந்து கடந்துவிடுகிறோம். பொலியும் கிடாய்கள் யாவும் வரியும் புள்ளியும் உடையன என்று தூதர் அதில் காட்டுகிறார். நிறம் கொப்பினால் அன்று, தந்தை வழியாகவும் வருவது என்னும் குறிப்பு அங்கேயே கிடக்கிறது என்பது நம் எண்ணம். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளிடம் வந்து சேரும் கணக்கைப் பட்டாணிச் செடிகளில் கண்டு, 1866இல் அச்சேற்றியவர் அகுஸ்தீன் சபைத் துறவி மெண்டல்.

யாக்கோபு புள்ளியை நாடினார். நம்மவர் புள்ளியை விலக்கினர். அங்கேதான் இடர் புகுந்தது. கருவில் நிற அணுக்கள் முதுகுப் பகுதியிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. வெண்மைக்கென்றே தேர்ந்தெடுத்த வழியில் அவை கடைக்கோடி இடங்களை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. மூக்கில் எட்டாவிட்டால் அது இளஞ்சிவப்பாகும். அழகு என்று நாம் போற்றுவது அதைத்தான். உட்செவியில் எட்டாவிட்டாலோ, ஒலியை உணரும் அணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்து, குட்டி செவிடாகிறது. வெள்ளை நாய்கள் யாவும் செவிடல்ல. ஆயினும் இராசபாளையத்து இனத்தில் இக்குறை பலமுறை கண்டதே. டால்மேஷியன் நாய்களிலோ, தலையில் பெரிய கருந்திட்டோடு பிறக்கும் குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை குறைவு என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அங்கும் அத்திட்டு போட்டிகளில் குற்றமாகவே கருதப்படுகிறது!

செவிட்டுக் குட்டியை எளிதில் அடையாளம் காண முடியாது. உடன்பிறந்தவை எழுந்தால் தானும் எழும், அவை ஓடினால் தானும் ஓடும். அதனைத் தனியே பிரித்து, பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். குட்டி வாங்கச் செல்வோரோ முதலில் குனிந்து பார்ப்பது மூக்கின் நிறத்தைத்தான்.