கண்ணாடித் தொட்டிக்குள் யார் யாரோடு? ஒரு சின்ன சரித்திரம்

வடக்கு கல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடும் சந்தைக்குக் குழந்தைகளோடு போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. பாலிதீன் பையில் தண்ணீர், அதில் நாலு கலரில் நாலு மீன். "எல்லாம் ஒண்ணா இருக்கும் தாதா" என்பார் கடைக்காரர். பத்து நாளில் இரண்டு செத்து மிதக்கும், குழந்தை அழும். லேக் மார்க்கெட் பக்கத்து நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ரெண்டடித் தொட்டியில் எதை எதோடு விடலாம்?

இந்தக் கேள்விக்கு நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் வயசாகிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர். 1849-ல் 12 காலன் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதிக்கு ஊற்றுநீர் ஊற்றி, மணலும் கல்லும் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். 12 காலன் என்றால் சுமார் 55 லிட்டர். இன்றைக்கு நாம் வாங்கும் ரெண்டடித் தொட்டியின் கொள்ளளவும் ஏறக்குறைய அதேதான்!

மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்தது, தண்ணீர் கெட்டது. வாரிங்டன் ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன. நத்தைகள் இட்ட முட்டைகளை மீன்கள் தின்றன. 1850-ல் இதை அவர் கட்டுரையாக எழுதினார். மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் வீடு அமைதியானது. அந்த மூன்றாவது ஆளின் பிள்ளைகளைத்தான் மற்றவர் சாப்பிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். இறால் விஷயத்தில் இது மறுபடி வரும்.

வாரிங்டனுக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதில் ஆபத்து குறைவு. இது இரண்டு படி வேலை, இரண்டு வகை உயிர்கள் செய்கிறவை என்று காட்டியது யார் தெரியுமா? அவருடைய மகன்தான்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். அப்பா தொட்டியில் விட்டுவைத்த கேள்விக்கு மகன் வயல் மண்ணில் பாதி பதில் கண்டுபிடித்திருக்கிறார்.

நமக்கு இதில் என்ன பாடம்? புதுத் தொட்டியில் முதல் சில நாளில் மீன் செத்தால் பெரும்பாலும் அது சண்டையால் அல்ல, அம்மோனியாவால். அந்த பாக்டீரியா பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதலில் தொட்டியை ஓடவிடுங்கள். மீன் பிறகு, இறால் அதற்கும் பிறகு.

இனி மீனுக்கு வருவோம். பிரான்சிஸ் புக்கானன் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் என்று சுற்றி 1807-ல் மூன்று பாகமாகப் புத்தகம் போட்ட அதே ஆசாமி. பின்னாளில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1807 முதல் 1814 வரை வங்காளத்தையும் பீகாரையும் ஆராய்ந்தபோது மீன்களையும் விட்டுவைக்கவில்லை. 1815-ல் ஊருக்குக் கப்பலேறும் நேரத்தில் அவருடைய படங்களைக் கல்கத்தாவிலேயே வாங்கி வைத்துக்கொண்டது கம்பெனி அரசு. இருந்தும் 1822-ல் கங்கை மீன்கள் பற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் இருந்தன. பல மீன்களுக்கு உள்ளூர்ப் பெயரையே லத்தீன் பெயராக வைத்தார். ரோகிதா, கட்லா என்று நம் சமையலறை வரை வந்த பெயர்கள் அதில் உண்டு.

காலிஃப் தெருவில் பையில் தொங்கும் ஜீப்ரா மீன் (ரேரியோ), தேன்நிற கௌராமி (சூனா), கண்ணாடி மீன் (ராங்கா), இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லாத சிவப்பு டேரியோ, எல்லாம் அந்த 1822 புத்தகத்து மீன்கள். ஜீப்ரா மீனை ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆராய்ச்சிக்கு எடுத்தார், 1981-ல் அதை நகலெடுத்துக் காட்டினார். 2013-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தபோது மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதில் ஜோடி இருப்பது தெரிந்தது. வாய்க்கால் மீன்தானே என்று யாரும் இளக்காரமாகச் சொல்லக்கூடாது :-)

அடுத்து இறால். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) தொட்டிக்குள் காடும் மலையும் வளர்த்தவர். பாசித் தொல்லைக்கு அவர் 1980களில் கண்ட மருந்து, நாலைந்து சென்டிமீட்டர் நீள நன்னீர் இறால் ஒன்று. இன்று அதற்கு அமானோ இறால் என்றே பெயர். வாரிங்டனின் நத்தை வேலையை இறாலிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அமானோ இறாலின் குஞ்சுகள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும், அதனால் வீட்டுத் தொட்டியில் பெருகாது. செர்ரி இறால் நன்னீரிலேயே பெருகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணாடி இறால் என்று விற்பதில் நீளக் கொடுக்கு இருந்தால் வாங்காதீர்கள். அது வங்காளிகள் தேங்காய்ப்பாலில் சமைக்கும் கல்தா சிங்ரியின் சொந்தக்காரனாக இருக்கலாம். வளர்ந்தால் மீனைப் பிடித்துவிடும்.

சரி, ரெண்டடித் தொட்டிக்கு என் சிபாரிசு மூன்று. ஏதாவது ஒன்று மட்டும்.

ஒன்று: ஜீப்ரா மீன் ஆறிலிருந்து எட்டு, கூட நத்தை. கல்கத்தாவின் ஜனவரிக் குளிரையும் இவை ஓரளவு தாங்கும். நீளத் துடுப்பு மீன்களை இவற்றோடு விடவேண்டாம், கடித்துவிடும்.

இரண்டு: தேன் கௌராமி ஒரு ஜோடி, அமானோ இறால் நாலைந்து, நிறைய செடி. சாதுவான வீடு. குளிர்காலத்தில் ஹீட்டர் போடுங்கள்.

மூன்று: செர்ரி இறால் மட்டும், பாசிச் செடியோடு. மீன் சேர்த்தால் குஞ்சுகளை மறந்துவிடுங்கள். மீனுக்குத் தரும் செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

தங்கமீன் வேண்டாம், வளர்ந்தால் இடம் போதாது. கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பார்கள், அதையும் வாங்காதீர்கள். மிஸ் கேரளாவைக் கேட்டுக் குழந்தை அடம்பிடிக்கும். 1865-ல் பிரான்சிஸ் டே அந்த மீனை விவரித்து, அன்றைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். அது 15 சென்டிமீட்டர் வளரும், கூட்டமாக நீந்தும், ரெண்டடியில் அடங்காது. ஏற்றுமதிக்காக மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து அள்ளி அள்ளி இன்று அது அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்குவீர்கள், ஒரு அடியைத் தாண்டும். பிறகு மனசு கேட்காமல் யாரோ குளத்தில் விடுவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்று கிழக்கு கல்கத்தா ஈரநில பேரிகளில் மண்டிக் கிடக்கிறது. மீனவர் வலையைக் கிழிக்கிறது, விற்கவும் ஆகாது. அந்த பேரிகளிலிருந்துதான் நம் சந்தைக்கு ரோகுவும் கட்லாவும் வருகின்றன.

தொட்டியில் எதை எதோடு விடலாம் என்று கேட்கும்போதே, எதை எந்தக் காலத்திலும் வெளியே விடக்கூடாது என்பதையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஊர் மாறிப் போவதாக இருந்தால் மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள்.