பிரிட்டிஷ் கொலம்பியா அரசு

பிரிட்டிஷ் கொலம்பியா அரசு என்பது கனடாவின் மேற்குக் கரையில் அமைந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை ஆளும் மாகாண அரசாகும். இதன் தலைநகர் விக்டோரியா (பெருநகரமான வான்கூவர் அன்று). கனடா நாடாளுமன்ற முறையிலான அரசியலமைப்பு முடியாட்சி ஆகையால், ஆட்சி அதிகாரம் முடியின் பெயரால் செலுத்தப்படுகிறது. நடைமுறையில் அதனைச் செலுத்துவோர் சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்ற முதல்வரும் அமைச்சர்களுமே ஆவர்.

இம்மாகாணம் 1871 ஜூலை 20 அன்று கனடாக் கூட்டாட்சியில் இணைந்தது. கல்வி, மருத்துவமனைகள், உள்ளூராட்சி, இயற்கை வளங்கள் ஆகியன மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன.

துணைநிலை ஆளுநர்

முடியின் சார்பாளரான துணைநிலை ஆளுநரைப் பிரதமரின் பரிந்துரைப்படி ஆளுநர் நாயகம் நியமிக்கிறார். எனினும் அவர் நடுவண் அரசின் முகவர் மட்டும் அல்லர். மாகாண விடயங்களில் அவர் முடியையே நேரடியாகச் சார்பாற்றுகிறார் என்பதைப் பிரித்தானியப் பிரிவி கவுன்சில் 1892 இல் உறுதிசெய்தது. சட்டமுன்வரைவுகள் அவரது ஒப்புதலுக்குப் பின்னரே சட்டமாகும். பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செயற்படுவார். கனடாவில் ஒரு முதல்வர் கடைசியாகப் பதவிநீக்கம் செய்யப்பட்டது இம்மாகாணத்திலேயே, 1903 இல் ஆகும்.

சட்டமன்றமும் நம்பிக்கையும்

சட்டமன்றம் ஓரவை கொண்டது. 2024 தேர்தல் முதல் இதில் 93 உறுப்பினர்கள் உள்ளனர். வாக்காளர்கள் முதல்வரை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை; அவையின் நம்பிக்கையை யார் பெறுகிறாரோ அவரே முதல்வர். இம்மரபு வெறும் சடங்கு அன்று என்பதை 2017 நிகழ்வுகள் காட்டின.

அவ்வாண்டு மே 9 தேர்தலில், அன்று 87 இடங்கள் கொண்டிருந்த அவையில், ஆளும் லிபரல் கட்சி 43, புதிய சனநாயகக் கட்சி 41, பசுமைக் கட்சி 3 இடங்களைப் பெற்றன. பின்னிரு கட்சிகளும் உடன்பாடு செய்துகொண்டன. லிபரல் உறுப்பினர் ஒருவர் அவைத்தலைவரானதால் அக்கட்சிக்கு ஒரு வாக்குக் குறைந்தது. ஜூன் 29 அன்று அரசு 44க்கு 42 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. முதல்வர் கிறிஸ்டி கிளார்க் அவையைக் கலைத்து மறுதேர்தல் நடத்தக் கோரினார். துணைநிலை ஆளுநர் ஜூடித் கிஷோன் அதை ஏற்கவில்லை. தேர்தல் முடிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அவையின் ஆதரவுடன் ஆளக்கூடிய மாற்று அரசு ஒன்றும் இருந்தது. அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹோர்கனை ஆட்சியமைக்க அழைத்தார்.

ஹோர்கன் ஜூலை 18 அன்று பதவியேற்றார். மிகுதியான இடங்களை வென்ற கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றது.