சுன்னாகத்துக் கிணறுகளும் முடிந்த வழக்கும்

யாழ்ப்பாணத்தார் வழக்குக்குப் பேர்போனவர். ஒரு சாண் வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்ற வாயிலில் நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். பழைய காணி உறுதிகளைப் புரட்டினால் கிணற்றிற் பங்கு, வழி, வாய்க்கால் என்பன வரிவரியாக எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஆயினும் கிணற்றின் அடியில் ஊறும் நீர் கெட்டால் யார் பொறுப்பு என்பதை எந்த உறுதியும் எழுதவில்லை. அவ்வினா சுன்னாகத்தில் எழுந்தபோது வேலி வழக்கின் சட்ட அறிவு நமக்குத் துணைநிற்கவில்லை.

குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்றுண்டு. அதுவும் மாரியில் மட்டும் தன் பெயரை நினைவூட்டிச் செல்வது. ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணை ஊடுருவிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. கடலின் உப்புநீர் மீது மிதக்கும் இந்த நன்னீர்ப் படலமே நம் முழு முதல். துலா மிதித்துத் தோட்டம் இறைத்த காலத்திலும், நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னும், வெங்காயமும் புகையிலையும் விளைந்தது இதனாலேயே. மணற்பாங்கான நிலம் ஓரளவு அழுக்கை வடிகட்டும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லோ விழுந்ததை அப்படியே கீழே இறக்கிவிடும்.

இத்தகைய நிலத்தின்மீதுதான் சுன்னாகம் மின்சார நிலையம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. டீசல் இயந்திரங்களின் கழிவெண்ணெய் பல்லாண்டுகளாக அருகிலிருந்த தாழ்நிலத்தில் விடப்பட்டது என்றும், போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் சிதைந்து எண்ணெய் மண்ணில் ஊறியது என்றும் ஊரவர் நினைவுகூர்வர். பின்னர் நொதேர்ன் பவர் என்னும் தனியார் கம்பனியின் அனல்மின் நிலையமும் அவ்விடத்தில் இயங்கலாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆராய்ந்த கிணறுகளுட் பெரும்பாலானவற்றில் எண்ணெயின் அளவு குடிநீர்த் தரத்தை மிஞ்சியிருந்தது. மக்கள் வீதிக்கு இறங்கினர். 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றக் கட்டளையால் கம்பனியின் மின்னுற்பத்தி நின்றது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயகரமான எண்ணெய் மாசு இல்லை என்றது. வெறும் வாளியுடன் கிணற்றங்கரையில் நின்ற தாய்மாருக்கு எந்த அறிக்கையை நம்புவதென்று சொல்வார் இல்லை.

சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம் அடிப்படை உரிமை மனுவொன்றை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். தெற்கிலிருந்து ஒருவர் வடக்கின் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை நாம் மறத்தலாகாது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையின்படி, கம்பனி 2 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என மன்று பணித்தது. 2000ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில் வேரூன்றிய கொள்கை, சுன்னாகத்தில் பணமாகக் காய்த்தது எனலாம். அது பெரிய வெற்றியே.

ஆனால், எண்ணெய் ஊறிய நிலத்தின் வழக்கை எப்போது முடிந்ததாகக் கொள்வது? அமெரிக்காவில் எரிபொருள் நிலையங்களின் நிலத்தடித் தாங்கிகள் துருப்பிடித்துக் கசிந்ததால், 1984இல் அதற்கெனச் சட்டம் இயற்றினர். அதன்பின் கண்டறியப்பட்ட கசிவுகள் 5 இலட்சத்துக்கும் மேல். அங்கே தாங்கியைக் கிண்டி எடுத்துவிட்டால் மட்டும் கோப்பு மூடப்படுவதில்லை. குழியின் அடியிலும் பக்கங்களிலும் மண் எடுத்துச் சோதிப்பர். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, மாசு பரவுகிறதா, சுருங்குகிறதா என்று பருவந்தோறும் அளப்பர். பின்னரே, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கடிதம் கொடுப்பர். சிறிதளவு எண்ணெயை மண்ணிலேயே விட்டு மூடுவதும் உண்டு. அம்முறையிற் குறையில்லை என்பதன்று. 1996இல் சாந்தா மொனிக்கா நகரம் பெற்றோலிற் கலந்த ஓர் இரசாயனத்தால் தன் கிணறுகளை மூட நேர்ந்தது. ஆயினும், முடிவைச் சொல்வது அளவீடு என்னும் ஒழுங்கு அங்குண்டு.

நம்மூரில் அளவீட்டின் தேவை இன்னும் மிகுதி. கோடையில் நீர்மட்டம் தாழும்போது எண்ணெய் பாறையின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும்; மாரியில் மட்டம் உயர, அது மீண்டும் நீரோடு சேரும். ஆதலின் ஒரு மாதத்துச் சோதனை மறுமாதத்துக்குச் சாட்சியாகாது. ஒரே கிணறு ஓர் அறிக்கையில் கெட்டதாகவும் இன்னொன்றில் நல்லதாகவும் தோன்றுதல் இயல்பு. நிபுணர் பூசலுக்கு நேர்மைக் குறைவு ஒன்றையே காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

இங்கே கிணற்றின் பழைய கதையொன்றையும் சொல்லவேண்டும். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பிறர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியில் காத்துநின்ற ஊர் இது. கயிற்றைத் தொடுவதற்கே போராட வேண்டியிருந்தது. மேலே கட்டிய சுவரைக் கீழேயுள்ள நீர் மதிக்கவில்லை என்பதை எண்ணெய் வந்துதான் காட்டிற்று. ஆனால் துன்பம் சமமாகப் பங்கிடப்பட்டது என்று யாரும் சொல்லற்க. வசதியுள்ளவர் போத்தல் நீர் வாங்கினர். கூலிவேலைக்குச் செல்பவர் பவுசர் வரும் நேரத்துக்குக் குடத்துடன் நிற்க வேண்டியவராயினர். அன்று யார் காத்துநின்றனரோ, பெரும்பாலும் அவர்களே இன்றும் காத்துநின்றனர்.

தீர்ப்பு ஒரு கம்பனியின் கணக்கைத் தீர்த்தது. அதற்கு முந்திய அரை நூற்றாண்டின் கழிவெண்ணெய் எவர் கணக்கில் எழுதப்படும்? கம்பனி போயினும் அரச நிறுவனங்கள் இருக்கின்றன, நிலமும் இருக்கிறது. சுன்னாகம், மல்லாகம், உடுவில், ஏழாலைக் கிணறுகளில் மாரிக்கொரு முறை, கோடைக்கொரு முறை நீர் எடுத்துச் சோதிக்கட்டும். கண்ட அளவைத் தமிழில் எழுதி, பிரதேச சபை வாயிலில், தண்ணீர் அள்ளுபவர் படிக்கத்தக்க எழுத்தில் ஒட்டட்டும்.