ஸ்டெதாஸ்கோப் முதலில் போனது, கடன் பின்னால் வந்தது

சீனா - ஆப்பிரிக்கா உறவுன்னு சொன்னாலே கடன், சுரங்கம், துறைமுகம்தான் இன்னைக்கு நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த உறவின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரு மருத்துவராக எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

1962 ஜூலை. 132 ஆண்டு பிரெஞ்சு ஆட்சி முடிந்து அல்ஜீரியா சுதந்திரம் அடைகிறது. அங்கே வேலை பார்த்த பிரெஞ்சு டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏழெட்டு வருடம் போர் நடந்த நாடு. காயம்பட்டவர்கள் இருக்காங்க, ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கு, வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. புதிய அரசு உலக நாடுகளிடம் உதவி கேட்டது.

முன்வந்த நாடுகளில் சீனாவும் ஒன்று. 1963 ஏப்ரலில் சீன மருத்துவக் குழு அல்ஜீரியாவில் வந்து இறங்கி, சயிதா என்ற ஊரில் வேலையைத் தொடங்கியது. ஹூபே மாகாணத்துக்குத்தான் இந்தப் பொறுப்பு. பிறகு இதுவே வழக்கமானது. அல்ஜீரியாவை ஹூபே கவனிக்கும், சான்சிபாரை ஜியாங்சு கவனிக்கும் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாகாணம் பொறுப்பு.

அப்போ சீனா பணக்கார நாடா? இல்லவே இல்லை. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கான உயிர்களைக் காவு வாங்கிய பஞ்சத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தது. 1965-ல் மாவோவே தன் சுகாதார அமைச்சகத்தை, நகரத்துக்காரர்களுக்கு மட்டும் வேலை செய்கிறீர்கள் என்று கடுமையாகச் சாடினார். சொந்த கிராமத்தில் டாக்டர் இல்லாத நாடு எதுக்கு ஆப்பிரிக்காவுக்கு டாக்டர் அனுப்பணும்?

காரணம் அரசியல். அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. சோவியத்தோடு சண்டை. ஐ.நா.வில் சீனாவுக்கான நாற்காலியில் தைவான் அரசு உட்கார்ந்திருந்தது. அதே சமயம் ஆப்பிரிக்காவில் நாடுகள் வரிசையாக விடுதலை ஆகின்றன, 1960-ல் மட்டும் 17 நாடுகள். ஐ.நா. பொதுச்சபையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு.

1963 டிசம்பரில் பிரதமர் சூ என்லாய் ஆப்பிரிக்கப் பயணம் கிளம்பினார். அந்தப் பயணத்தில் அவர் அறிவித்த உதவிக் கொள்கைகள் எட்டு. அதில் ஒன்று: உதவிக்கு வரும் சீன நிபுணர்கள் உள்ளூர் நிபுணர்களைப் போலவே வாழ வேண்டும், தனிச் சலுகை கேட்கக் கூடாது. காலனி ஆட்சியாளர்களின் பங்களாக்களைப் பார்த்துச் சலித்த மக்களுக்கு இது புதுசு.

பிறகு ரயில் வந்தது. ஜாம்பியாவின் செம்பைத் தான்சானியத் துறைமுகத்துக்குக் கொண்டு போக 1,860 கிலோமீட்டர் பாதை. உலக வங்கி கைவிரித்த திட்டம். வட்டியில்லாக் கடன் கொடுத்து, 1970-ல் தொடங்கி 1975-ல் முடித்தது சீனா. அந்தப் பணியில் 60-க்கும் மேற்பட்ட சீனர்கள் உயிரிழந்தார்கள்.

1971 அக்டோபர் 25. ஐ.நா.வில் சீனாவின் இடம் பெய்ஜிங்குக்கே என்ற தீர்மானம் 76 ஓட்டுகளுடன் நிறைவேறியது. அதில் 26 ஆப்பிரிக்க ஓட்டுகள். தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளில் அல்பேனியாவோடு முன்னால் நின்றது யார் தெரியுமா? அல்ஜீரியா!

ஊசி போட்டதற்கு ஓட்டு என்று எளிமையாகச் சொல்லிவிட முடியாது. போர் நடந்துகொண்டிருந்த 1958-லேயே அல்ஜீரியாவின் தற்காலிக அரசைச் சீனா அங்கீகரித்திருந்தது. ஆனாலும் அந்த மருத்துவத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது உண்மை.

அந்தக் கணக்கு பச்சையாகத் தெரிந்த இடம் புர்கினா பாசோ. 1994-ல் அந்த நாடு தைவான் பக்கம் போனது. சீன டாக்டர்கள் வெளியேறினார்கள், தைவான் டாக்டர்கள் வந்தார்கள். 2018-ல் பெய்ஜிங் பக்கம் திரும்பியது. தைவான் டாக்டர்கள் போய், மறுபடி சீன டாக்டர்கள். வார்டில் படுத்திருந்தவருக்கு இதில் எந்த ஓட்டும் இல்லை.

2000-த்துக்குப் பிறகு கதை வேறு. சீனா - ஆப்பிரிக்கா ஒத்துழைப்பு மன்றம் உருவானது. 2009 முதல் ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய வணிகக் கூட்டாளி சீனாதான். வட்டியில்லாக் கடனின் இடத்தை வங்கிக் கடன்கள் பிடித்தன. வட்டியில்லாமல் ரயில் பாதை வாங்கிய அதே ஜாம்பியா, 2020-ல் கடன் பத்திரங்களுக்கான தவணையைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 2023-ல் பிற நாடுகளோடு திருத்தி எழுதிய சுமார் 630 கோடி டாலர் கடனில் 400 கோடிக்கு மேல் சீனாவுடையது. மேற்கத்தியத் தனியார் முதலீட்டாளர்களுக்கும் பெரிய தொகை பாக்கி இருந்தது, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

சயிதாவில் அன்று பிழைத்தவருக்கு அந்த டாக்டர் ஏன் வந்தார் என்பது முக்கியமில்லை. அந்த நாட்டை ஆள்பவர்களுக்கு அது முக்கியம். வெளிநாட்டுக் குழு எந்த நாளும் கிளம்பலாம். கிளம்பிய பிறகு உள்ளூரில் எத்தனை செவிலியர், எத்தனை சர்ஜன் மிச்சம்?

2001-ல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை. 2023 ஜனவரியில் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு அடிஸ் அபாபா அருகே பளபளக்கும் தலைமையகத்தைச் சீனா கட்டிக் கொடுத்தது. கட்டடத்தை யாரும் பரிசாகத் தரலாம். அதற்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு மாதா மாதம் சம்பளம் சொந்த கஜானாவிலிருந்துதான் போகணும்.