முடிவு தெரிந்த கொள்ளை

கொள்ளைப் படம் என்றாலே பணத்தோடு தப்பித்தார்களா, மாட்டினார்களா என்பதுதான் சஸ்பென்ஸ் என்று நினைப்போம். 1956-ல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' படத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான தணிக்கை விதிப்படி, திருடன் பணத்தோடு நிம்மதியாகப் போகக்கூடாது. 1968-ல்தான் அந்த விதி ஒழிந்தது. ஆக, முடிவு டிக்கெட் வாங்கும்போதே தெரியும்!

அப்போது 27 வயதுதான் ஆகியிருந்த குப்ரிக் என்ன செய்தார்? நேரத்தைக் கலைத்துப் போட்டார். (லயனல் வைட் எழுதிய மூல நாவலிலேயே இந்த உத்தி இருந்தது.)

குதிரைப் பந்தய மைதானத்தில் சுமார் 20 லட்சம் டாலரை அடிப்பது திட்டம். ஒருவன் ஏழாவது பந்தயத்தில் முன்னணிக் குதிரையைச் சுட வேண்டும். ஒரு மல்யுத்த வீரர் பாரில் சண்டை இழுக்க வேண்டும். கேஷியர் உள்கதவைத் திறந்துவிட வேண்டும். படம் ஒருவனோடு அந்த நிமிடம் வரை போகிறது. சட்டென்று கடிகாரத்தைப் பின்னால் திருப்பி அடுத்தவனைத் தொடர்கிறது. பந்தய அறிவிப்பு மறுபடி காதில் விழும்போது, 'இந்நேரம் அவன் அங்கே நிற்கணுமே' என்று நாமே துண்டுகளைப் பொருத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

காமர்ஸ் படிப்பவன் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது :-) குதிரையைச் சுடுபவனுக்கு 5,000 டாலர், மல்யுத்த வீரருக்கு 2,500. இருவருமே பேசிய கூலிக்கு வந்தவர்கள். லாபத்தில் பங்கில்லை, முழுத் திட்டமும் சொல்லப்படவில்லை. அவர்கள் வேலையைக் கச்சிதமாக முடிக்கிறார்கள். ரகசியம் கசிவது பங்காளியான கேஷியரிடமிருந்து, அதுவும் மனைவியிடம்!

படத்தைப் பார்த்த சிலர் 'ஒன்றும் புரியவில்லை, நேராகச் சொல்லுங்கள்' என்றார்கள். குப்ரிக்கும் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஹாரிஸும் நேர்வரிசையில் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். சப்பென்று இருந்ததால் பழையபடியே மாற்றிவிட்டார்கள். சரியான விளம்பரம் இல்லாமல் வெளியாகி, படம் நஷ்டம்தான்.

(இனி முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.)

விமான நிலையத்தில் ஒரு நாய்க்குட்டி குறுக்கே ஓட, பெட்டி விழுந்து திறந்து, அத்தனை நோட்டும் விமான விசிறிக் காற்றில் பறக்கிறது. 1960-ன் 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில் பணம் சவப்பெட்டியோடு எரிகிறது. 2001-ல் அதே பெயரில் மீண்டும் எடுத்தபோது விதி இல்லை, திருடர்கள் பணத்தோடு நடையைக் கட்டுகிறார்கள். அதனாலோ என்னவோ, அங்கே நம்மிடம் மறைக்கப்படுவது திட்டமே. உள்ளே வந்த அதிரடிப் போலீஸ் யார் என்பது, பை வெளியே போன பிறகுதான் நமக்குக் காட்டப்படுகிறது.